ஓட்டைச் சட்டி

கப்பல் நாகப்பட்டினத்தில் நின்றபோது அய்யம்பெருமாளிடம் ஒரு தகரப் பெட்டியும், தோளில் தொங்கிய ஒரு துணிப்பையும் இருந்தன. சுங்கத்துக்காரர்கள் பெட்டியைக் கிளறினார்கள். உள்ளே நாலு சட்டை, இரண்டு முழுக்கால்சட்டை, மனைவிக்கு ஒரு சேலை, ஒரு டப்பா பவுடர். துணிப்பைக்குள் கையைவிட்ட ஆள் ஈரமாக எதையோ தொட்டுவிட்டு, "என்னய்யா இது?" என்று முகத்தைச் சுளித்தான்.

"செடிங்க."

"மருந்துச் செடியா?"

"இல்லீங்க. வூட்டுக்குள்ள வைக்கிற செடி."

அவன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். பையில் ஈரத் துண்டில் சுற்றியிருந்தவை மணிபிளான்ட் கொடித் துண்டுகள் கொஞ்சம், பச்சை இலையில் வெள்ளைப் புள்ளி தெளித்தாற்போல் இருக்கும் ஒரு செடியின் தண்டுகள் கொஞ்சம். பதினெட்டு வருசம் அவர் செய்த வேலையில் கையோடு வந்தது அவ்வளவுதான்.

பினாங்கில் கடலைப் பார்த்த ஒரு பெரிய ஓட்டலில் அவருக்கு வேலை. வெளித் தோட்டம் அல்ல, உள்ளே. கூடம், மாடிப்படித் திருப்பம், சாப்பாட்டு அறை எங்கும் சட்டிகளில் செடிகள் நிற்கும். அவற்றுக்குத் தண்ணீர் விடுவது, இலை துடைப்பது, வாடினதை எடுத்துவிட்டு வேறு வைப்பது அவர் பொறுப்பு. வெயில் படாத இடத்தில் செடியை எப்படி உயிரோடு வைப்பது என்பதை ஒரு சீனக் கிழவர் சொல்லிக் கொடுத்திருந்தார். அதைத் தவிர அய்யம்பெருமாளுக்கு வேறு தொழில் தெரியாது. பிறகு அந்த நாட்டில் கலவரம் வந்தது. குடியுரிமை இல்லாதவனுக்கு இனி வேலை பர்மிட் கிடையாது என்றார்கள். அவரிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அட்டை. குடியுரிமைக்கு எழுதிப் போடு என்று அந்த நாளிலேயே சொன்னவர்கள் உண்டு. இன்றைக்கோ நாளைக்கோ ஊருக்குப் போகிறவனுக்கு எதற்கு அது என்று இருந்துவிட்டார். முதலாளி கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பி வைத்தார்.

உடையார்பாளையத்தில் அவர் வீட்டுக் கதவைத் திறந்த கொளஞ்சியம்மாள் ஒரு கணம் யாரோ என்று நின்றாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க. கால் கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள். இந்தப் பதினெட்டு வருசத்தில் அவர் இரண்டு தடவைதான் ஊருக்கு வந்திருந்தார். முதல் தடவை வந்துபோன பிறகுதான் மகள் கண்ணகி பிறந்தாள். இரண்டாம் தடவை வந்தபோது அந்தப் பெண் பலகையில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தது. இப்போது அவளைத் தா.பழூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. பணம் வந்தது.

வீடு கொளஞ்சியின் வீடாக இருந்தது. கூரை மாற்றி ஓடு போட்டது அவள். பின்பக்கம் சார்ப்பு இறக்கியது அவள். முந்திரிக் காட்டில் கொட்டை பொறுக்கியும், சீசன் முடிந்தால் கொட்டை உடைக்கிற கொட்டகைக்குப் போயும், அவர் அனுப்பியதோடு சேர்த்துக் கட்டியது. அய்யம்பெருமாளுக்குச் சட்டையை எங்கே மாட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. கேட்டார். அவள் ஓர் ஆணியைக் காட்டி, அதில் தொங்கிய அரிவாளை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள்.

கொடித் துண்டுகளைக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் ஊற்றி வைத்தார். வேர் விட்டது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது சட்டி தேடிப் புறப்பட்டார்.

ஊர்க் கோடியில் சூளை வைத்திருந்த அரியமுத்து அவர் கேட்டதை முழுதாகக் கேட்டுக்கொண்டு, "சட்டி தரேன். வாயகலமா, நீங்க சொல்ற மாதிரியே. ஆனா ஓட்டை நான் போடமாட்டேன்" என்றார்.

"ஏன்? அடியில ஒரு விரல் போற ஓட்டைதானே. இல்லாட்டி தண்ணி தேங்கி வேர் அழுவிடும்."

"அது சரிங்க. ஓட்ட வச்ச சட்டிய எதுக்கு எடுப்பாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா? எங்கையால அப்படிப் பண்ணிக் கொடுத்தேன்னா நாளைக்கு ஒருத்தன் எங்கிட்டப் பானை வாங்கமாட்டான். நீங்களே வூட்டுல போட்டுக்குங்க."

அய்யம்பெருமாளுக்கு அப்போதுதான் உறைத்தது. சுடுகாட்டில் கொள்ளி வைக்கும் மகன் பிணத்தைச் சுற்றி வரும்போது அவன் தோளில் நீர்க்குடம் இருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னாலிருந்து ஒருவர் அரிவாள் முனையால் குடத்தைக் கொத்துவார். ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே வரும். இதைச் சிறு வயதில் எத்தனையோ தடவை பார்த்தவர்தான். பினாங்கில் இருந்து இருந்து மறந்துபோயிருந்தது.

சட்டிகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அரத்தின் முனையை வைத்துத் திருகித் திருகித் துளை போட்டார். பாதி விரிசல் விட்டுப் போயின. மிச்சம் தேறியதை வீட்டுக்குள் கொண்டுபோகும்போது கொளஞ்சி நிலைப்படியில் நின்றாள்.

"ஓட்டச் சட்டியையா உள்ள வக்கப் போறீங்க?"

"செடிக்குத்தான் புள்ள. தண்ணி வடியணும்."

"வெளியில வைங்க."

"வெயில்லயும் காத்துலயும் இது தாங்காது. உள்ள வக்கிற செடி."

அவள் விலகி வழிவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சட்டிகள் இருந்த மூலையை அவள் பெருக்கவே இல்லை. சுற்றிலும் பெருக்கிவிட்டுப் போவாள்.

துளையின் மேல் ஓட்டுச் சில்லு, அதன்மேல் சரளை, அதன்மேல் மணல் கலந்த செம்மண், மட்கிய இலை. ஓடு இறங்கும் இடத்தில் அண்டா வைத்துப் பிடித்த மழைத் தண்ணீரைத்தான் ஊற்றினார். பக்கத்தில் இருந்தது, எடுத்து ஊற்றினார், அவ்வளவே. பாழடைந்த கிணறு ஒன்றின் உள்சுவரில் பெரணி அடர்ந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு, கயிறு கட்டி இறங்கி வேரோடு பெயர்த்து வந்தார். தை பிறப்பதற்குள் எல்லாம் பிடித்துக்கொண்டன. புள்ளி இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் வந்தது. பினாங்கில்கூட இந்தப் பளபளப்பு வராது என்று தோன்றியது. ஒரு நாள் கொளஞ்சிகூட வேலைக்குப் போகிற அவசரத்தில் நின்று பார்த்துவிட்டு, "இலை நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

பொங்கலுக்குக் கண்ணகி வந்தாள். அப்பாவைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். அவர் கொடுத்த பவுடர் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பின்பக்கச் சார்ப்பில் அம்மாவோடு உட்கார்ந்து பச்சைமொச்சை உரிக்கும்போது அவள் குரல் தாழ்ந்து கேட்டது.

"அம்மா, அவரு எப்ப திரும்பிப் போவாரு?"

கொளஞ்சி என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. அய்யம்பெருமாள் கையிலிருந்த ஈரத் துணியால் ஒரே இலையை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

தை கடைசியில், பினாங்குச் சட்டையையும் முழுக்கால்சட்டையையும் போட்டுக்கொண்டு, மடியில் இரண்டு சட்டிகளை வைத்துப் பிடித்தபடி பஸ்ஸில் அரியலூருக்குப் போனார். டவுனில் பெயர் சொல்லும்படி ஆஸ்பத்திரி வைத்திருந்தவர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. செடிகளைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது.

"மெட்ராஸ்ல ஒரு ஓட்டல்ல பார்த்தேன், ஹால்ல இப்படித்தான் வச்சிருந்தான். இங்கே வளருமா?"

"நான் பாத்துக்குறேங்க. ஈரம் பாத்துத் தண்ணி விட்டாப் போதும். தினம் ஊத்தக் கூடாது."

நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் டாக்டர் அறைக் கதவுக்கு இருபுறமும் புள்ளி இலைகள், ஜன்னல் கம்பியில் மணிபிளான்ட், மூலை முக்காலியில் பெரணி என்று வைத்தார். மாதம் ஒரு தொகை தருவதாகப் பேச்சு. வாரம் இரண்டு தரம் வந்து பார்த்துக்கொள்வார். அங்கே பார்த்துவிட்டு ஒரு வக்கீல் கேட்டார். புதிதாகத் திறந்த ஒரு பாங்கியில் மேனேஜர் வந்து பேசச் சொன்னார். அந்த மாசியில் அய்யம்பெருமாள் நிமிர்ந்து நடந்தார். ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கொளஞ்சிக்குப் பூ வாங்கி வந்தார். வாங்கி வைத்துக்கொண்டாள், தலையில் வைத்தாளா என்று அவர் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தர்மன் நல்ல பையன். நல்ல மனசோடு தினமும் காலையில் எல்லாச் சட்டியிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினான்.

"தம்பி, ஊத்த வேணாம்னு சொன்னேனே."

"வெயில் எப்படி அடிக்குது பாத்தீங்களா? வாயில்லாத சீவன் அண்ணே. பாக்கப் பாவமா இருக்கு."

"விரலை மண்ணுல விட்டுப் பாருங்க. ரெண்டு கணு ஆழத்துல ஈரம் இருந்துச்சுன்னா விட்டுடுங்க."

"சரிண்ணே" என்பான். மறுநாள் ஊற்றிவிடுவான். காத்திருப்பவர்கள் வாய் கொப்பளித்து ஊற்றினார்கள், வெற்றிலை எச்சில் துப்பினார்கள். அதையெல்லாம் அவர் வந்து கிளறி எடுத்துப் போடுவார். ஊற்றிய தண்ணீர் துளை வழியாக வடிந்ததால் செடிகள் எப்படியோ தாக்குப்பிடித்தன. வடிகிற தண்ணீருக்கு அடியில் தட்டு வைத்திருந்தார். மலேரியா ஆட்கள் வந்து, தட்டில் கொசு முட்டையிடுகிறது என்று எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

தட்டை எடுத்த அடுத்த வாரம் அது நடந்தது. கல்லங்குறிச்சியிலிருந்து ஒரு வயசான அம்மாவை வண்டியில் கொண்டுவந்து, பெஞ்சில் இடமில்லாமல் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். அய்யம்பெருமாள் அப்போதுதான் உள்ளே வந்தார். தர்மன் காலையில் ஊற்றிய தண்ணீர் புள்ளி இலைச் சட்டியின் அடியிலிருந்து கசிந்து, மொசைக் தரையில் கோடு இழுத்தாற்போல் ஓடி, அந்த அம்மாவின் பாய் ஓரத்தைத் தொட்டது. மகன் திரும்பிப் பார்த்தான். சட்டியைப் பார்த்தான், அடியில் சொட்டுவதைப் பார்த்தான்.

"ஏய்யா, உசுரோட கெடக்கயிலேயே எங்கம்மாவுக்குக் கொள்ளிக்கொடம் ஒழுவ வச்சிருக்கீங்களா?"

யாரும் எதிர்பார்க்காத சத்தம். உடன் வந்த பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் வெளியே வருவதற்குள் பாயோடு தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார்கள். டாக்டர் வாசல்வரை ஓடி, "பெரியம்மாவை இங்கேயே வைங்க, மருந்து ஏத்தணும்" என்று கூப்பிட்டார். வண்டி நிற்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த மற்றவர்களும் சட்டிகளைப் பார்த்தார்கள். இரண்டு பேர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

டாக்டர் அய்யம்பெருமாளை உள்ளே கூப்பிட்டார். கோபமாகப் பேசவில்லை.

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லைப்பா. ஆனா வர்றவங்களுக்கு இருக்கே. அந்தம்மாவுக்கு வைத்தியம் பார்த்திருந்தா பிழைச்சிருப்பாங்க. இப்போ என்ன ஆகுமோ. ஓட்டையை அடைச்சிடு."

"அடைச்சா செடி செத்துடுங்க அய்யா."

"அப்போ எடுத்துட்டுப் போயிடு. என்னால வேற ஒண்ணும் செய்ய முடியாது."

எடுத்துக்கொண்டு போனால் வக்கீலும் பாங்கியும் என்ன சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். கொளஞ்சியிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டட வேலையில் ஒரு பிடி சிமெண்டு கேட்டு வாங்கி, ஆஸ்பத்திரிக் கொல்லையில் சட்டிகளைச் சாய்த்து வைத்து, தான் போட்ட துளைகளைத் தானே அடைத்தார். கட்டைவிரலால் அழுத்திப் பூசினார். பினாங்கில் புதிதாக வேலைக்கு வந்த ஒருவன் இப்படிச் செய்திருந்தால் அவனை அன்றைக்கே அனுப்பியிருப்பார்.

அதன்பிறகு தர்மனைக் கெஞ்சித் தண்ணீரைக் குறைத்தார். ஆனாலும் பங்குனியில் புள்ளி இலைகள் மஞ்சளாகித் தொங்கின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். வேர் வெந்த பூண்டு மாதிரி குழைந்து, நாற்றம் அடித்தது. அது அவர் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது வேறொன்று. அழுகாத செடிகளிலும் இலை நுனி தீய்ந்திருந்தது. மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அடைக்காத சட்டிகளிலும் அதே வெள்ளை. துளையின் விளிம்பில்கூடச் சுண்ணாம்பு கட்டிப் பாதித் துளை மூடியிருந்தது. பெரணி ஓரம் ஓரமாகக் கருகிக்கொண்டு வந்தது. தண்ணீர் அதிகமா, குறைவா? சூடா? காற்றா? இடம் மாற்றினார், ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டார். பதினெட்டு வருசத்தில் அவர் இப்படி ஒரு வெள்ளையைப் பார்த்ததே இல்லை. ஒரு துணுக்கை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது. அடுப்பங்கரையில் கொளஞ்சி வெந்நீர் வைக்கும் பானையின் உட்புறம் படிந்திருப்பதும் இதே வெள்ளைதான் என்று அப்போது கண்ணில் பட்டது.

மண்ணைத் தோண்டினால் சுண்ணாம்புக் கல் வருகிற பூமி. மழை நின்ற பிறகு அவர் சட்டிகளுக்கு ஊற்றிவந்த தெருக் கிணற்றுத் தண்ணீரில் அந்தக் கல் கரைந்திருந்தது. ஆரம்பத்தில் வேர் விடப் போட்ட குப்பியைப் போய்ப் பார்த்தார். அதில் ஒரு கொடியை விட்டு வைத்திருந்தார், ஐப்பசியில் பிடித்த மழைத் தண்ணீரையே அவ்வப்போது ஊற்றி. அது மட்டும் குறையில்லாமல் பச்சையாக இருந்தது. மார்கழியில் அத்தனையும் தழைத்தது தன் கைராசி என்று நினைத்திருந்தார். அது மழையின் வேலை. அண்டாவில் அந்த மழைத் தண்ணீர் அடியில் ஒரு சாண்கூட இல்லை. அடுத்த மழைக்கு இன்னும் ஒரு கோடை முழுக்கக் கிடந்தது.

ஒரு வழி இருந்தது. நல்ல தண்ணீரைத் தாராளமாக மேலே ஊற்றி, அடியால் ஓடவிட்டால் உப்பு இறங்கிப் போகும். வாரம் ஒரு தரம் செய்தால்கூடச் செடி பிழைக்கும். தெருக் கிணறு உதவாது. காட்டு ஓரத்தில் நல்லதண்ணிக் கிணறு ஒன்று இருந்தது. சமைக்கவும் குடிக்கவும் அங்கிருந்துதான் கொளஞ்சி சுமந்து வருவாள். சித்திரையில் அதுவும் அடிக்குப் போய்விட்டது. பெண்கள் தண்ணீர் ஊறும்வரை காத்திருந்து, செம்பால் மொண்டு குடம் நிரப்ப வேண்டும்.

அன்றைக்கு அவள் விடிகாலையில் இரண்டு குடம் கொண்டுவந்து வைத்துவிட்டு முந்திரிக் காட்டுக்குப் போயிருந்தாள். அய்யம்பெருமாள் குடங்களைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு செம்பு மட்டும் எடுத்தால் என்ன என்று நினைத்தார். பெரணிச் சட்டியை முற்றத்தில் கல்மேல் தூக்கி வைத்து ஊற்றினார். அடியில் கலங்கலாக, பால்போல் வடிந்தது. இன்னொரு செம்பு. கலங்கல் குறைந்தது. உப்பு இறங்குகிறது! அடுத்த சட்டியைத் தூக்கி வைத்தார். அதற்கப்புறம் அவர் எண்ணவில்லை. சட்டிகளின் அடியில் தண்ணீர் தெளிந்து வடிந்தது. பினாங்கை விட்டு வந்த பிறகு முதல் தடவையாகத் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டதாகத் தோன்றியது. திரும்பிப் பார்த்தபோது இரண்டு குடமும் காலி.

கொளஞ்சி பிற்பகலில் வந்தாள். தலைத்துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே குடத்துக்குப் போனாள். ஒன்றைச் சாய்த்தாள். மற்றதைச் சாய்த்தாள். முற்றத்தில் ஈரம் காய்ந்துகொண்டிருந்த இடத்தையும், கல்மேல் வரிசையாக இருந்த சட்டிகளையும் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது அவளுக்கு.

"பூராவுமா?" என்றாள்.

"உப்பு எறங்கணும் கொளஞ்சி. இல்லாட்டி அவ்வளவும் போயிடும். நான் போயி மொண்டாந்துடறேன்..."

அவள் கத்தவில்லை. நிலையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஒங்க அப்பாரு செத்தப்ப கொடம் தூக்க ஆளில்ல. பெத்த புள்ள கடலுக்கு அந்தாண்ட. பங்காளி வூட்டுப் பையன், அவன் தோளு உசரம்கூடக் கொடத்துக்குப் பத்தல, அவன்தான் தூக்குனான். ஒழுவுன தண்ணியில நனைஞ்சு நடுங்கிக்கிட்டே சுத்தி வந்தான். நான் பாத்துக்கிட்டே நின்னேன். அன்னிக்கி ஒரு ஓட்டக் கொடம் தூக்க வரல. இப்ப வூடு நெறைய ஓட்டச் சட்டி வச்சு ஊத்திக்கிட்டு இருக்கீங்க."

தந்தி கைக்கு வந்தபோது காரியமே முடிந்திருக்கும், கப்பல் மாதத்துக்கு ஒன்றுதான் என்றெல்லாம் அய்யம்பெருமாள் சொல்லியிருக்கலாம். அது அவளுக்கும் தெரியும். இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார்.

அங்கே காத்திருந்த பெண்கள் ஆண் ஒருவர் குடத்தோடு வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ சிரித்தார்கள். அவர் கடைசியில் நின்றார். முறை வந்தபோது கிணற்றில் சேறு கலந்த தண்ணீர்தான் கிடந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அரைக்குடம் கொண்டுவந்து தெளிய வைத்தார். அதற்குள் கொளஞ்சி பக்கத்து வீட்டில் ஒரு செம்பு வாங்கிக் குடித்துவிட்டு, உலை வைக்காமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அடுத்த தடவை அரியலூர் போனபோது டாக்டர் அறைக் கதவுக்கு இருபுறமும் செடிகள் பளபளவென்று நின்றன. வேகமாகக் கிட்டப் போய் இலையைத் தொட்டார். பிளாஸ்டிக்.

"டாக்டரு வூட்டம்மா திருச்சியிலேர்ந்து வாங்கியாந்தாங்க" என்றான் தர்மன், அவர் முகத்தைப் பார்க்காமல். "ஒங்க சட்டியெல்லாம் கொல்லையில எடுத்து வச்சிருக்கேண்ணே. ஒண்ணும் தேறல. நான் தண்ணி ஊத்தாமத்தான் இருந்தேன், சத்தியமா."

"ஒங்க மேல தப்பில்ல தம்பி."

டாக்டர் அந்த மாதத்துக் கூலியைக் கையில் கொடுத்து, "கொல்லைல ஏதாவது வேலை வந்தா சொல்லி அனுப்பறேன்" என்றார். கல்லங்குறிச்சி அம்மா என்ன ஆனார் என்று கேட்க நினைத்து, கேட்காமல் வந்துவிட்டார். சட்டிகளை எடுத்து வரவில்லை. வக்கீல் வீட்டுக்கும் பாங்கிக்கும் போகவில்லை. பஸ்ஸில் மடி காலியாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் இருந்தவை அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் ஒவ்வொன்றாகப் போயின. அவர் நல்லதண்ணீரைத் தொடவில்லை. தெருக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் விஷம் ஊற்றுவதுபோல் இருந்தது. ஊற்றாவிட்டால் காய்ந்தது. குப்பியிலிருந்த கொடிக்கும் மழைத் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. கடைசியில் ஒரே ஒரு பெரணி, நடுக்குருத்தில் மட்டும் பச்சையாக நின்றது. அதையும் அவர் கணக்கில் வைக்கவில்லை.

ஒரு நாள் காலை முகம் கழுவ எழுந்தவர், கொளஞ்சி அந்த மூலையில் குனிந்து நிற்பதைப் பார்த்தார். காட்டுக்குப் போகத் தலைத்துணி கட்டியாயிற்று. கையில் குடிக்கிற செம்பு. நல்லதண்ணீர். மெல்ல, ஓரமாக, அவர் ஊற்றுகிற மாதிரியே ஊற்றினாள். பிறகு ஆள்காட்டி விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாள். எப்போது இதைப் பார்த்துப் பழகினாள் என்று அவருக்குத் தெரியவில்லை. சத்தம் காட்டாமல் பின்வாங்கினார். அவள் போன பிறகு போய்ப் பார்த்தார். சட்டியின் அடி ஈரமாக இருந்தது. அந்த மூலையையும் பெருக்கியிருந்தாள்.

அன்றைக்கும் அதற்கடுத்த நாள்களும் அவள் ஊற்றினாள். அவர் தெரியாததுபோல் இருந்தார். குருத்து ஒரு வாரம் அப்படியே நின்றது. பிறகு நுனியிலிருந்து கருக ஆரம்பித்தது. வேர் முன்பே செத்துப்போயிருக்க வேண்டும். அவளிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவளே ஒரு நாள் கிள்ளிப் பார்த்து, அது பொடிந்து கையில் வந்ததும், செம்பைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு இந்த ஊரு ஆகாதாட்டம் இருக்கு" என்றாள்.

"ஆமா" என்றார்.

"எங்கூட வரீங்களா? கொட்டகையில ஆளு பத்தலன்னு மேஸ்திரி சொன்னாரு. கொட்டை ஒடைக்கிற வேலதான். ஒக்காந்துக்கிட்டே பாக்கலாம்."

அவர் பினாங்குச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துண்டை மட்டும் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

கொட்டகை ஊருக்கு வெளியே, தென்னங்கீற்றுக் கூரை. ஒரு பக்கம் கொட்டை வறுக்கிற புகை கண்ணைப் பிடுங்கியது. நீளமாக வரிசைபோட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பெண்கள். ஆளுக்கொரு கல், ஒரு கட்டை. தட்டுகிற சத்தம் ஓயாமல் கேட்டது. கொளஞ்சி தன் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தாள். எதிரே இருந்த ஒரு கிழவி கட்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"யாரு கொளஞ்சி இது?"

"எங்க வூட்டுக்காரரு."

"பினாங்குலேர்ந்தா? பாத்து எத்தினி வருசமாச்சு. இனிமே இங்கதானா?"

"இங்கதான்" என்றாள் கொளஞ்சி. அந்தக் குரலில் சந்தோசமும் இல்லை, சலிப்பும் இல்லை. மழை இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள்.

அய்யம்பெருமாள் முதல் கொட்டையைக் கல்லில் நிறுத்தித் தட்டினார். ஓடும் பருப்பும் சேர்ந்து நொறுங்கிப்போயின. ஓட்டிலிருந்து தெறித்த கறுப்புப் பால் விரல் இடுக்கில் பட்டுச் சுரீரென்று எரிந்தது. கையை உதறினார். எதிரே இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் விரல்களெல்லாம் கறுத்து, நுனித் தோல் உரிந்து கிடந்தன. கொளஞ்சியின் விரல்களும் அப்படித்தான் இருந்தன. அவர் இத்தனை மாதமாக அதைக் கவனித்திருக்கவில்லை.

அவள் தன் பக்கத்திலிருந்த சாம்பலில் ஒரு பிடி அள்ளி, அவர் கையை இழுத்து, விரல் விரலாகப் பூசிவிட்டாள்.

"சாம்பலு தீந்துச்சுன்னா எரியும். அப்பப்ப தொட்டுக்குங்க. நோவாமத் தட்டுங்க, பருப்பு ஒடைஞ்சா எடுத்துக்கமாட்டாங்க."

"எத்தினி நாளாவும், கை பழக?"

"பழகாது" என்றாள். தன் கட்டையை எடுத்துக்கொண்டாள்.

அவர் குவியலிலிருந்து அடுத்த கொட்டையை எடுத்தார்.